எமில் ஐயாவின் கரும்பு எரிந்தது

செமின் கிரனியே, மொரீஷியஸ்
அக்டோபர் 1988

அன்புள்ள கமலாட்சிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பாப்பாவின் காய்ச்சல் விட்டதா? நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. கோயில் பள்ளியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எமில் ஐயாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? யூதர். நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து கிளம்பியவரை ஆங்கிலேயர் அனுமதியில்லாமல் வந்த அகதி என்று பிடித்து, போர் முடியும்வரை இந்தத் தீவின் சிறையில் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கப்பலேறியபோது, திரும்பிப் போய்ப் பார்க்க யாருமில்லை என்று இவர் தங்கிவிட்டார். கடலோரத்தில் யாரும் சீண்டாத பாறைக்காட்டை வாங்கி, கல் பெயர்த்து, கரும்பு வைத்தார். கூடவே கல் சுமந்தவன் க்ளெமான். இன்றும் அவன்தான் தோட்டத்து மேஸ்திரி.

அந்த இடம் இப்போது ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஐயா விற்க மறுத்துவிட்டார். அதன்பின் அவருடைய நாய்கள் இரண்டும் நுரை தள்ளிச் செத்தன. தண்ணீர்க் குழாயை யாரோ வெட்டிப் போட்டார்கள்.

போன செவ்வாய், பள்ளி விட்டு வரும்போது கரும்பு எரிந்துகொண்டிருந்தது. புகைக்குள்ளிருந்து க்ளெமான் கையில் டின்னோடு வந்தான். மண்ணெண்ணெய் வாடை. என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தான். ஓடவில்லை. எரிந்த கரும்பை உடனே வெட்டினால் ஆலை எடுத்துக்கொள்ளும். ஆனால் வெட்ட ஆளில்லை. எல்லோரும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் வீரசாமி வந்தார். என்னை இங்கே வேலைக்கு வரவழைத்த கோயில் தலைவர் அவர்தான். தெரிந்த கொஞ்சத் தமிழில், "மாஸ்டர், கரும்பு எரியும். இங்க அப்படித்தான். நீங்க ஒண்ணும் பார்க்கல, சமேம்" என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம்.

எமில் ஐயாவிடம் க்ளெமான் பெயரைச் சொன்னேன். தீயை அணைக்கப் போய் வெந்த கைகளைப் பார்த்தபடி, "வியன்னாவிலும் எங்கள் கதவைக் காட்டிக்கொடுத்தவர் அப்பாவோடு சீட்டாடியவர்தான்" என்றார். என்னை ஊருக்குப் போய்விடச் சொன்னார். ‘நீங்கள்?’ என்று கேட்டேன். இன்னொரு கப்பல் ஏறமாட்டேன் என்றார்.

நேற்று போலீஸில் பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நான் க்ளெமான் பெயரைச் சொல்லும் முன்பே அங்கிருந்த அதிகாரி அதை எழுதிவிட்டார். திரும்பி வந்தபோது க்ளெமான் என் வீட்டுச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். வீட்டம்மாவும் குழந்தையும் எப்போது வருகிறார்கள் என்று கிரியோலில் விசாரித்தான். மரியாதையாகத்தான் விசாரித்தான்.

கமலாட்சி, டிசம்பர் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. விடுமுறை மாறிவிட்டது என்று உன் அண்ணனிடம் சொல். கோயில் விலாசத்துக்கு இனி எழுதாதே. இந்தக் கடிதத்தைக்கூட இங்கே பீனிக்ஸ் என்கிற ஊருக்குத் தையல் வேலைக்குப் போகும் தெய்வானையிடம்தான் கொடுக்கிறேன். அங்கே தபாலில் சேர்ப்பாள்.

எமில் ஐயாவைத் தனியே விட்டுவர எனக்கு மனமில்லை. உன்னைக் கேட்காமல் எடுத்த முடிவு. எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள். வந்துவிட மட்டும் செய்யாதே.

பாப்பா நூறாண்டு நன்றாக இருக்கட்டும். அவள் கேட்டால், அப்பா ஒரு பெரியவருக்குத் துணையாக இருக்கிறார் என்று சொல்.

உன்,
அனந்தகிருஷ்ணன்