நீ வெட்டிய பாதிக் குளிசை

இன்று காலை உன்னுடைய பச்சை டொபி டின் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் அதே கராம்பு வாசம். நீ மண்ணுக்குப் போய் ஒரு நோன்பு மாசமும் கழிந்துவிட்டது, அந்த வாசம் இன்னும் போகவில்லை. கொண்டுவந்தவர் உன் மாப்பிள்ளை, உன்னைக் கட்டிய மனுஷன். பள்ளிவாசல்துறைக் கரையில் ஆளைக் கூப்பிட்டால் நடுக்கடல்வரை கேட்கும் குரல் அவருக்கு. கிளினிக் வாங்குப் பலகையில் பெண்களுக்கு நடுவே அந்தக் குரலை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உன்மேல் கோபம் ஆறவில்லை. மவுத்தானவளோடு என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது உன்னைத்தான், வேறு யாரோடு போய்க் கோபித்துக்கொள்வேன்?

எங்களை மன்னாரிலிருந்து துரத்தியபோது வந்த தோணியில் நாம் இரண்டு பேரும் ஒரே பாயில் சுருண்டு கிடந்தோம். கற்பிட்டியில் இறங்கி, பக்கத்துப் பக்கத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். உனக்கு மாப்பிள்ளை பார்த்த அன்று உன் உம்மாவிடம் தலையாட்டுவதற்கு முதல் என்னிடம்தான் ஓடிவந்தாய். "பல்லு கொஞ்சம் முன்னுக்குத்தான் புள்ள, ஆனா சிரிச்சா வடிவு" என்றாய். அப்படி எல்லாவற்றையும் சொல்கிறவள் நீ. சொல்லாமல் விடவும் உனக்குத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு நான் தாதியானேன். உனக்கு நீரிழிவு, நாம் சொல்லும் சீனி வருத்தம், வந்தது, நான் வேலை செய்த கிளினிக்குக்கே வந்தாய். அங்கே வருகிறவர்கள் மிச்ச மருந்துக் குளிசையையும் கையோடு கொண்டுவர வேண்டும். கொடுத்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்தால், ஒழுங்காகக் குடிக்கிறார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும். அப்படித்தான் நாங்கள் நம்பினோம். ஆலங்குடாவிலிருந்து வரும் ஒரு பெரியம்மா, வரும் வழியில் வேலிக்குள் குளிசையைக் கொட்டிவிட்டு வெறும் உறையை நீட்டுவார். அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மதுரங்குளியில் கடை வைத்திருந்த ஒருவரோ, "எலி கொண்டுபோயிட்டு மிஸ்ஸி" என்றார். "எலிக்கும் சீனி வருத்தமா?" என்று கேட்டேன். வாங்கு முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் நீ.

உன் டின்னைத் திறப்பதே எனக்கு ஒரு சந்தோஷம். உப்புக்காற்றில் குளிசை நமுத்துப்போகும் என்று துணியில் அரிசி முடிந்து போட்டிருப்பாய். மருந்து மணம் பிடிக்காதென்று கராம்பு. எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடவும் இராது, குறையவும் இராது. "பாருங்க, இப்படித்தான் இரிக்கணும்" என்று அந்த டின்னை வாங்கில் இருந்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டுவேன். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாய். வெட்கம் என்று நினைத்தேன்.

ஆனாலும் உன் சீனி இறங்கவில்லை. டொக்டர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒழுங்காக் குடிக்கிறாவா?"

"மத்தாக்களப் பத்தித் தெரியா சேர். இவவுக்கு நான் பொறுப்பு."

நீ பக்கத்திலேயே நின்றாய். டின்னின் மூடியை அழுத்தி மூடினாய். டொக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த முறையும் இறங்கவில்லை, மறுபடியும் கூட்டினார். இரண்டு முறையும் உனக்காகப் பேசியது என் வாய்.

கட்டாரில் வேலை செய்யும் உன் மகள் லீவில் வந்தாள். உன் மாப்பிள்ளை தூரக் கரையில் மீன்வாடிக் குடிசை போட்டு, அங்கேயே தங்கிக் கடல்தொழில் செய்யும் காலம் அது. வந்ததும் வராததுமாக டின்னை அவள் பொறுப்பெடுத்தாள். உறையில் எழுதியிருந்தபடி, காலையும் பின்னேரமும், நீ விழுங்கும்வரை முன்னால் நின்றாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். நீ விழுங்கினாய். ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனவள், வியர்வையில் நனைந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்த உன்னைத்தான் கண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மருந்து ஏற்றியும் நீ கண் திறக்கவில்லை.

"இவ்வளவு காலமும் குடிச்ச அளவுதானே, இப்ப மட்டும் ஏன் இப்படி இறங்கினது?" என்று டொக்டர் என்னிடம் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. கடைசியாக உன்னைக் குளிப்பாட்டும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உனக்காகக் குர்ஆன் ஓதிய கத்தம் முடிந்த கிழமை உன் மாப்பிள்ளை இந்த டின்னோடு வந்தார்.

"தங்கச்சி, அவட குளிசை இன்னும் கிடைக்குமா? முடியப் போவுது."

"நானா, அது அவவுக்கு எழுதினது. உங்களுக்கு என்னத்துக்கு?"

"நாங்க ரெண்டு பேரும் பாதிப் பாதிதானே குடிச்ச. அவதான் பாக்குவெட்டியால வெட்டித் தருவா. எனக்கும் அதே வருத்தம்தான் எண்டு சொன்னா. கிளினிக்குக்கு வந்து குந்தினா அண்டைக்குத் தொழில் போயிடும்தானே."

கறியைப் பங்கு வைத்த கதையைப் போல அதைச் சொன்னார். டின்னுக்குள் ஒரு பாதிக் குளிசை கிடந்தது. நான் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க, அவருக்குத்தான் ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா? கூட்டாளிமார் நீங்க எல்லாம் கதைக்கிறதானே" என்றார்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒருத்திக்குக் கொடுத்த மருந்தை இரண்டு பேர் குடித்திருக்கிறீர்கள். அதனால் மிச்சம் எப்போதும் சரியாக இருந்தது, சீனி இறங்கவில்லை. முழுவதும் நீ குடிக்கிறாய் என்று நம்பி டொக்டர் கூட்டிக்கொண்டே போனார். மகள் வந்து அந்தக் கூட்டிய அளவை முழுதாகக் கொடுத்தபோது உன் உடம்பு தாங்கவில்லை. சொன்ன சொல் கேட்டு மருந்து குடித்த அந்தச் சில நாட்களில்தான் நீ செத்துப்போனாய்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானாவைக் காதில் பிடித்து இழுத்துவந்து அவர் பேரில் ஒரு மருந்துத் துண்டு எழுதுவித்திருப்பேன். ஏசியிருப்பேன், ஓம். ஏச்சு வாங்கிப் பழகாதவளா நீ? அதை விட்டுவிட்டு, டொக்டருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கி, என் முகத்தில் கரி பூசிவிட்டுப் போனாய். உன் மகள் இப்போதும் உனக்காகத்தான் பேசுகிறாள். "எல்லாருக்கும் முன்னால உம்மாவத் தூக்கித் தூக்கிப் புகழுவீங்களே சாச்சி, பொறகு எப்படி அவ சொல்லுவா?" என்று அழுதாள். அந்த நியாயம் எனக்கு ஏறவில்லை. வாங்கில் இருந்தவர்களுக்கு முன்னால் வெட்கப்பட்டிருக்கலாம். ஒரே பாயில் படுத்தவளிடம் என்ன வெட்கம்?

இப்போது சரியான கணக்கோடு யாராவது வந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. "வீட்டில வேற யாரும் இதுல குடிக்கிறாங்களா?" என்று முதலில் கேட்கிறேன். சிலர் கோபிக்கிறார்கள். சிலர் தலையைக் குனிகிறார்கள், அவர்களை உட்காரவைத்துப் பேசுகிறேன். நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்த ஒரு கேள்விதான்.

உன் மாப்பிள்ளைக்கு இப்போது அவர் பேரிலேயே மருந்து. இன்று அவருடைய மிச்சத்தை மேசையில் கொட்டி எண்ணினேன். இருக்க வேண்டியதைவிடக் கூடவே இருந்தது.

"என்ன நானா இது?"

"கடலுக்குப் போன நாள்ல மறந்துட்டன் தங்கச்சி. ஏசாதீங்க."

நான் ஏசவில்லை. இத்தனை வருஷத்தில் உன் டின் எனக்குச் சொன்ன முதல் உண்மை அது. அந்தக் குளிசைகளைத் திரும்ப உள்ளே போட்டு, மூடியை மூடாமலே அவர் கையில் கொடுத்தேன்.