மர்சியின் மூன்று கோட்டுகள்

சாந்தோம்,
அக்டோபர் 10, வெள்ளி காலை.

அன்புள்ள ஜொவிட்டாவுக்கு,

அல்போன்ஸ் எழுதுவது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பயந்துவிடாதே. நானும் நம் பெண் மர்சியும் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் படித்துக்கொள். மீதியை டூட்டி முடிந்து உட்கார்ந்து படி.

இதை நஸ்ருன்னிசா கையில் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் மஸ்கட் திரும்புகிறாள். உன் வார்டிலேயே நர்ஸாக வேலை பார்க்கிறவள், அன்றைக்கே உன்னிடம் சேர்த்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பேன். ஆனால் எனக்கு போனில் நீளமாக எழுத வராது, மர்சிதான் என் போனை வாங்கி டைப் பண்ணிக் கொடுப்பாள். பேசலாமென்றால் நம் வீட்டு ஹாலில் இருமினாலே அவள் அறைக்குக் கேட்கும். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். மர்சி ஒரு மாதமாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் டூட்டிக்குக் கிளம்புகிறேன் என்றும் இப்போதுதான் வந்தேன் என்றும் அவள் சொன்னது பொய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமாம் போட்டேன்.

போன மாதம் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை. ஐந்தரை மணிக்கு வந்தாள். கதவைத் திறந்தால் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டே நிற்கிறாள். கோட்டை மடித்துத் தனிப் பையில் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும், போட்டுக்கொண்டு வாசல் தாண்டக் கூடாது என்று நீ அவளுக்கு முதல் வருஷமே சொல்லிவைத்தது. ஐந்து வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அன்றைக்கு பஸ்ஸில் அப்படியே வந்திருக்கிறாள். முன்பக்கம் ரத்தம். வலதுபக்கப் பை பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இதோட ரோட்டுல வந்தியா? கழட்டு, முதல்ல கழட்டு." அவளும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கோட்டை பக்கெட்டில் போட்டேன். என்ன ஆச்சு என்று நான் கேட்டது சனிக்கிழமைதான். ரத்தம் காய்வதற்குள் ஊறவைக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் தலையில் இருந்தது.

நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தேன். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். இரண்டு கை உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவைத்தேன். அப்புறம் பார் சோப்பைத் தேய்த்து, பிரஷ் போடாமல், கறை இருந்த இடத்தைத் துணியோடு துணி கசக்கினேன். மூன்றாவது தண்ணீரில் போய்விட்டது. கறை முழுக்கப் போன பிறகு வெந்நீரில் டெட்டால் விட்டு அலசினேன். பிளீச்சிங் போடவில்லை, போட்டால் அந்தத் துணி மஞ்சளடிக்கும். பையை நானே தைத்தேன். ஸ்கூல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ரெஜிஸ்டர்களை ஊசி நூல் போட்டுக் கட்டிய கை. தையல் நேராகவே வந்தது.

சனிக்கிழமை கேட்டபோது அவள் சொல்லவில்லை. தலைவலி என்றாள். அடுத்த வாரம் காய்ச்சல் என்றாள். கையை வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. சாப்பாடு வைத்தால் இரண்டு வாய். குளிக்கச் சொன்னால் அப்புறம். சுவர்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், தூங்கவும் மாட்டாள். பூசைக்கு வருகிறாளா என்று நீ கேட்டாய். வரவில்லை. நான் தனியாகப் போய், எதுவும் கேட்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நடந்ததை என்னிடம் சொன்னது ஆயத். உனக்கு ஞாபகம் இருக்கும், இவளோடு படித்த ராயப்பேட்டைப் பெண். இரண்டு பேரும் இப்போது ஒன்றாகத்தான் ஹவுஸ் சர்ஜன். இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். மர்சி அவளிடமும் முகம் கொடுக்கவில்லை. திரும்பிப் போகும்போது கேட் வரைக்கும் நான் கூடப் போனேன். அங்கே நின்றுதான் சொன்னாள்.

குழந்தைகள் வார்டில் நாலு வயசுப் பையன் ஒருத்தன் டெங்குவோடு இருந்திருக்கிறான். காய்ச்சல் விட்டுவிட்டது. அன்றைக்குக் காலையில் எழுந்து உட்கார்ந்து மர்சியின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடியிருக்கிறான். அவன் அம்மா மணிமொழி என்று ஒரு பெண், ஆதம்பாக்கத்திலிருந்து வந்தவள். எப்போதும்மா வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறாள். நல்லாத்தான் இருக்கான், சாயந்தரம் இட்லி குடுங்க என்று மர்சி சொல்லியிருக்கிறாள். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவில் கவனமாக இருக்கணும் என்று உனக்குத் தெரியும். மர்சிக்கும் தெரியும். பெரிய டாக்டர்களும் பார்த்துவிட்டுத்தான் போனார்களாம், எல்லோரும் அதையேதான் நினைத்தார்களாம். மத்தியானம் பையன் ரத்தமாக வாந்தி எடுத்தான். மர்சிதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாலு மணிக்கு முடிந்துவிட்டது.

அந்த அம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை. மர்சியின் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். "நீதானம்மா சொன்ன, சாயந்தரம் இட்லி குடுன்னு. வாங்கி வச்சிகினு கீறேன்மா." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். இரண்டு நர்ஸுகள் வந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். பை பிய்ந்தது அப்போதுதான்.

இதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. ஆயத்துக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். மேலே வந்து குக்கர் வைத்தேன். ஒரு மாதமாகவே எனக்கு இப்படித்தான் இருக்கிறது. கை வேலை செய்கிறது, உள்ளே ஒன்றும் அசையமாட்டேன் என்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நீ வீடியோவில் பேசும்போது போனை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்க் காட்டுவேன் அல்லவா? கடல் காற்று நல்லா வருது பார் என்று. பின்னால் கொடியில் அவளுடைய மூன்று கோட்டும் காய்வதைப் பார்த்து, இந்த வாரமும் நல்லா வெளுத்திருக்கீங்களே என்று நீ சிரித்தாய். அவை யாரும் போடாத கோட்டுகள். நீ பார்க்க வேண்டும் என்றுதான் வாரா வாரம் அவற்றை நனைத்தேன். முதல் வாரம் உன்னை ஏமாற்றத்தான் செய்தேன். அப்புறம் அதை விட முடியவில்லை. சனிக்கிழமை காலையில் அழுக்கே இல்லாத காலரில் ஷாம்பு தேய்ப்பேன். அலசின தண்ணீர் தெளிவாகவே இருக்கும், இருந்தாலும் இரண்டாம் தண்ணீர் விடுவேன். கடைசித் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம். உப்புக் காற்றில் துணி பிசுபிசுக்கும் என்பதால் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போட்டு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே எடுத்து இஸ்திரி போடுவேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு அடுத்து என்ன செய்யணும் என்று தெரியும்.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லணும். மூன்று நாளாக எழுத உட்கார்ந்து, இந்த இடம் வந்ததும் எழுந்துவிடுகிறேன்.

மத்தியானம் சோப்பு வாங்கக் கச்சேரி ரோடு கடைக்குப் போனேன். கால் மணி நேரம்கூட இருக்காது. வந்து பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, அவள் கட்டிலில் இல்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், வெளியே கிளம்பிவிட்டாள் என்று. அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. விட்டு விட்டுப் பெய்த மழையில் நனைந்து நனைந்து, சனிக்கிழமை போட்ட கோட்டுகள் இன்னும் மொட்டைமாடிக் கொடியில்தான் இருந்தன. மேலே ஓடினேன்.

கோட்டுகளுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரிடம் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சுவர் தாழ்வு, உனக்குத் தெரியும். இரண்டு கையையும் சுவர்மேல் ஊன்றியிருந்தாள். பார்வை கடலில் இல்லை, கீழே. நான் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடப் பயமாக இருந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "மழை வர்ற மாதிரி இருக்கு மர்சி. கோட்டை எடுக்க ஒரு கை குடு" என்றேன்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். "எங்கப்பா மழை?" என்றாள். ஆனால் வந்தாள். நான் கிளிப்பை எடுக்க எடுக்க ஒவ்வொன்றாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் கவனித்திருக்கிறாள். "நான் போடவே இல்லையே, எதுக்கு துவைக்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பொய் வரவில்லை. அம்மா வீடியோவில பாக்கணும்னு என்றேன். மாடிப்படி இறங்கும்போது, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். கிறிஸ்மஸுக்குத்தானே டிக்கெட் போட்டிருக்கு என்றேன். "அவ்ளோ நாளா" என்றாள். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டாள்.

அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆயத்துக்கு போன் பண்ணினேன். எனக்குச் சொல்ல வரவில்லை. மாடியில நின்னாம்மா என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் புரிந்துகொண்டாள். டூட்டி முடிந்ததும் நேராக வந்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் இருந்தார்கள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை, இரண்டு பேருடையதுமாக இருக்கலாம். ஒரு மாதத்தில் இந்த வீட்டில் முதல் சத்தம் அதுதான். வெளியே வந்து என்னிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: அங்கிள், மொட்டைமாடி சாவி உங்க பாக்கெட்டிலேயே இருக்கட்டும். வீட்டில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எனக்குக் குடுங்க. அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. நான் என் பிரஷர் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தேன். தினமும் ஒன்று எண்ணித் தருகிறாள்.

அன்றிலிருந்து இங்கேதான் தங்குகிறாள். இங்கிருந்தே டூட்டிக்குப் போகிறாள், அந்த நேரம் நான் வீட்டைவிட்டு நகர்வதில்லை. அவள் அம்மா ராயப்பேட்டையிலிருந்து டிபன் கேரியரில் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். மர்சி நேற்று அரைத் தட்டு சாப்பிட்டாள். அடையாறில் மனநல டாக்டர் அம்மா ஒருவரிடம் திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். மர்சி வரேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் லீவைப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றார்களாம். அதைப்பற்றி இப்போது நீ ஒன்றும் கேட்காதே.

நேற்று ஆயத்தின் கோட்டையும் துவைத்துப் போட்டேன். வேண்டாம் அங்கிள் என்று கையைப் பிடித்தாள், வாங்கிக்கொண்டேன். காலரெல்லாம் வேர்வை, பையில் பேனா மை. ஒரு மாதத்தில் நான் தொட்ட முதல் அழுக்குக் கோட்டு. மையின்மேல் சோப்பைத் தேய்க்கப் போனேன். மர்சி பாத்ரூம் வாசலில் வந்து நின்று, "சோப்பு போட்டா பரவும்பா. சானிடைசர் ஊத்தி பஞ்சால ஒத்தி எடுங்க" என்றாள். அப்படியே செய்தேன். வந்துவிட்டது. அவளாக வந்து பேசியது அது ஒன்றுதான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே உனக்கு எழுதுகிறேன், நீ பார்த்துக்கொள்.

ஜொவி, நாலு வருஷத்துக்கு முன்னால் நீ ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போது, நான் பார்த்துக்கிறேன் நீ கவலைப்படாமல் போ என்று சொன்னேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் ஒரு மாதம் உன்னிடம் மறைத்தேன். தப்பு. உன் மகள், உன்னிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். நான் உன்னை வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன். என்னால் முடியவில்லை.

எமர்ஜென்சி லீவு எத்தனை நாள் கொடுப்பார்களோ, பத்து நாளோ ஒரு வாரமோ, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வா. இதைப் படித்ததும் அவளுக்கு போன் பண்ணு. அப்பா எழுதினார் என்றே சொல், மறைத்தது போதும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே. கிளம்பும் தேதியைச் சொல். என்னிடம் வேண்டாம், அவளிடமே சொல். கிறிஸ்மஸ் அவளுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. விரல் விட்டு எண்ணுகிற தூரத்தில் அவளுக்கு ஒரு நாள் வேண்டும்.

சாந்தோம் மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
அல்போன்ஸ்