வெறுங்கையோடு வராத விருந்தாளி

என் அன்பு மாமிக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு இன்றுதான் அந்தப் பழக்கடைப் பக்கம் போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் வழக்கம்போலக் கதலி வாழைப்பழச் சீப்பொன்றைக் கடதாசியில் சுற்றத் தொடங்கிவிட்டார். ஊருக்குப் போயிருந்தவர், செய்தி தெரியாது. "அம்மா கோ?" என்று சிங்களத்தில் உங்களைத் தேடினார். நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று சொன்னேன்.

மறதி நோய் வந்த புதிதில் உங்களுக்குப் பெயர்கள்தான் தொலைந்தன. பிறகு நித்திரையும் தொலைந்தது. பொழுதுபடத் தொடங்கினால் கால் தரிக்காது. கைப்பைக்குள் ஒரு சேலையையும் விபூதிப் பெட்டியையும் திணித்துக்கொண்டு வாசலில் நிற்பீர்கள்.

"பொழுதுபட்டுட்டுது. இனி ஆக்களின்ரை வீட்டிலை இருக்கிறது மரியாதையில்லை. நான் வீட்டை போகவேணும்."

"அம்மா, இதுதானே எங்கடை வீடு!" என்று உங்கள் மகன் சாதிப்பார். ஒருநாள் வீட்டு உறுதிப் பத்திரத்தைக்கூட எடுத்துக் காட்டினார், பாவம். நீங்கள் உறுதியை விட்டுவிட்டு, "தம்பி ஆர்?" என்று கேட்டீர்கள்.

கதவைப் பூட்டினோம். நீங்கள் கதவை இடித்தீர்கள், ஏசினீர்கள், என்மேல் கையும் ஓங்கினீர்கள். விடியும்வரை ஒருவருக்கும் உறக்கமில்லை. கனடாவிலிருந்து உங்கள் மகள், என் மச்சாள், ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னபோது உங்கள் மகன் மறுத்துப் பேசவில்லை. உங்களை அனுப்பிவிட்டு நான் எப்படி இந்த வீட்டில் இருப்பேன்?

டொக்டர்தான் சொன்னார்: "இந்த வருத்தக்காரருக்குப் பின்னேரத்திலை மனம் குழம்பும். எதிர்த்துக் கதையாதேங்கோ. பகல் நித்திரையைக் குறைச்சு, கொஞ்சம் நடத்துங்கோ."

அடுத்த நாள் நீங்கள் பையைத் தூக்கியதும், "சரி மாமி, வாங்கோ போவம்" என்றேன். கடற்கரைப் பக்கம் நடந்தோம், ரயில் போவதைப் பார்த்தோம். நீங்கள் களைத்ததும் கேட்டேன்: "இஞ்சை தெரிஞ்ச ஆக்களின்ரை வீடு ஒண்டு இருக்கு. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமே?"

"வெறுங்கையோடையோ போறது?" என்று நடுவீதியில் நின்றுவிட்டீர்கள்.

பெற்ற மகனை மறந்த உங்களுக்கு அது மட்டும் மறக்கவில்லை! கதலிச் சீப்பொன்று வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தீர்கள். கதவைத் திறந்த உங்கள் மகனிடம் பழத்தை நீட்டினீர்கள். அவர் என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "வாங்கோ, வாங்கோ" என்று பழத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, "இரவு நிண்டு போங்கோவன்" என்றார். "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று மரியாதைக்கு மறுத்துவிட்டு, நின்றீர்கள். அன்று நன்றாக நித்திரை கொண்டீர்கள். அதன்பின் பின்னேரம்தோறும் இதே விருந்துதான்; எல்லா இரவும் அப்படி அமையவில்லைதான். ஆனால் முதியோர் இல்லக் கதை அதோடு நின்றுபோனது.

ஒரு பின்னேரம் தேநீரோடு வந்த என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"பிள்ளை, நீர் இந்த வீட்டு மருமகளோ?"

"ஓம்."

"உம்மடை மாமி குடுத்து வைச்சவ." கிட்ட வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினீர்கள். "அவ உமக்குச் சொல்லியிருக்கமாட்டா. அதுதான் நான் சொல்லுறன்."

உண்மைதான் மாமி. கறியில் உப்புக் கூடியதை மட்டும் அவ ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை! குசினி அடுப்படிக்குப் போய் அழுதேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் இப்படி மனம் நிறைந்திருக்குமா?

இன்றும் பழத்தோடுதான் வீடு வந்தேன். உங்கள் மகன் கதவைத் திறந்து, கையிலிருந்த கடதாசிப் பொதியைக் கண்டதும் பழக்கத்தில் "வாங்கோ" என்று விலகி நின்றார். எனக்குப் பின்னால் இன்னொருவர் வருவதற்கும் வழி விட்டபடி.

நீங்கள் வந்து உட்காரும் கதிரையை அந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். பொழுதுபட்ட நேரத்தில் நம் வாசலுக்கு யார் வந்தாலும், தேநீர் கொடுத்து, நின்று போகச் சொல்லாமல் அனுப்பமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

குடுத்து வைச்ச
உங்கள் மருமகள்