படிவத்தில் எழுதிய கட்டார்

பாண்டிருப்பு
22.02.2009

அன்பு மகன் நிதர்சனுக்கு,

நானும் தங்கச்சி கிருசிகாவும் திரௌபதை அம்மன் காவலில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதுவது முறை, ஆனால் நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் போனில் கதைக்கப் பயம், தபாலில் போடவும் பயம். உன் ஹொக்கி மாஸ்டர் ஷரிபுதீன் சேரின் மனைவி சுபைறா இன்று கொழும்பு பஸ்ஸில் வருகிறா, அவ கையில் கொடுத்து விடுகிறேன்.

தேசிய அணிக்கு உன்னை எடுத்ததாகப் பேப்பரில் வந்த படத்தை சேர்தான் கல்முனையிலிருந்து கொண்டுவந்து தந்தார். கோல் காக்கிறவனை முகமூடியோடு படம் பிடித்தால் பெற்றவளுக்கு எப்படித் தெரியும், ஆனாலும் அந்தக் கோணல் முழங்காலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சந்தோசம் நீ புதன்கிழமை போன் எடுக்கும் வரைக்கும்தான். ஏப்ரலில் வெளிநாட்டுக்கு விளையாடப் போக முன்னம் எல்லாருடைய ஊர்ப் பொலிசிலும் விசாரிப்பார்கள் என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்.

மகன், நான் ஒரு பிழை செய்துவிட்டேன். போன மாதம் இங்கே பொலிசார் வீடு வீடாக ஆட்களைப் பதிந்தார்கள், குடும்பமாக வாசலில் நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள். ஆண்பிள்ளை எங்கே என்று கேட்டதும் வெளிநாட்டில், கட்டாரில் வேலை செய்கிறான் என்று சொல்லிவிட்டேன். பாதி வீட்டுப் பிள்ளைகள் கட்டாரில்தானே. முன் ஒழுங்கையில் இரண்டு பொடியன்களை யாரோ கூட்டிக்கொண்டு போய் இன்றுவரை தகவல் இல்லை, கொழும்பு என்று சொன்னால் உன்னையும் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். படிவத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். இப்போது என் கடதாசியில் கட்டார், உன் அணி அனுப்புகிற கடதாசியில் கொழும்பு. தாயே ஒளித்த தமிழ்ப் பொடியன் உண்மையில் எங்கே இருந்தான் என்று கேட்பார்கள், வன்னியில் சண்டை நடக்கிற இந்த நேரத்தில் என்ன நினைப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. அணியிலிருந்து வெட்டினால்கூடத் தாங்குவேன், உன்னைப் பயிற்சி முகாமிலிருந்து பிடித்துக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன்.

நம் கிராம சேவகர், விதானையார் குணத்திடம் போய் அழுதேன். ஒண்டும் கதையாம இருங்கக்கா, அவங்க மறந்திருவாங்க என்றார். சேர் சம்மதிக்கவில்லை. நாமளாப் போய்ச் சொல்லணும், நான் உங்களோட வாறன் என்கிறார். உங்களுக்கென்ன, உங்கள் பெயர் ஷரிபுதீன், உங்களை யார் சந்தேகப்படுவார்கள் என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, திங்கள் எட்டரைக்கு வாறன் என்று மட்டும் சொல்லிப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுனாமியன்று நீ வீட்டில் நின்றிருந்தால் அப்பாவோடு உன்னையும் கடல் கொண்டுபோயிருக்கும், ஹொக்கிப் பயிற்சிக்கென்று கண்டிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவர் அவர்தானே. அந்த விளையாட்டை நானே உன்னிடமிருந்து பறிக்கக் கூடாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் பொலிசில் நிற்பேன், தடுக்க நினைக்காதே. என் மகன் நாட்டுக்கு ஹொக்கி விளையாடுகிறான் என்று சிங்களத்தில் சொல்லக் கிருசிகா பழக்கியிருக்கிறாள். கிணற்றடியில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீ அடையாள அட்டையும் முகாம் கடிதமும் இல்லாமல் வெளியே இறங்காதே, யார் கூப்பிட்டாலும் தனியப் போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

நீ நீடூழி வாழ வேண்டும் என்று அம்மனை மன்றாடுகிறேன். உன்னை விசாரித்தால் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே மகன். அம்மா பயத்தில் பொய் சொன்னா, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லு. வாசித்த கையோடு இந்தக் கடிதத்தை எரித்துவிடு, உனக்குத் தெரியும் என்பதற்கு இது ஒன்றுதான் சாட்சி.

உன் அம்மா
சா. தங்கரத்தினம்