ஐஸ்கிறீம் பெட்டியில் ஒரு பிடி மண்

1997 ஒக்ரோபர் 14, செவ்வாய்

காலையில் ரூஜ் ஆற்றுப் பக்கம் ஹாவர்டின் பண்ணைக்குப் போனேன். மூன்று வருடமாகப் பாதி நிலத்தை உழாமல் விட்டு, அறுவடை முடிந்ததும் மண்ணை மூடிக் காக்க ரை தானியம் விதைக்கிறார். விதைச் செலவில் பாதி எங்கள் ஆற்றுப் பாதுகாப்புச் சபை கொடுக்கிறது. உழாமலே விதைக்கும் இயந்திரமும் எங்களுடையது. மற்றப் பாதியையும் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள் என்றால் அதே பதில்: "குத்தகை நிலம் பாலா. சொந்தக்காரன் அடுத்த வருடம் வீடு கட்டினால், யாருக்காக நான் மண்ணைப் பார்ப்பது?"

நானும் வாடகை பேஸ்மென்றில்தான் இருக்கிறேன், அதற்காகக் கூட்டித் துடைக்காமல் விடுகிறேனா என்று கேட்டேன். சிரித்தார். கையெழுத்துப் போடவில்லை. பிடிவாதக்காரன். நானும் லேசுப்பட்டவள் இல்லை.

நவம்பர் 20

மேலாளர் லின்டா கூப்பிட்டுச் சொன்னாள்: மாகாண அரசு ஏற்கெனவே கைவிட்டுவிட்டது, இப்போது சபையும் விவசாயிகளுக்கான திட்டத்தை நிறுத்தப் பார்க்கிறது. இயந்திரத்தை விற்றுவிடுவார்களாம். அப்படியென்றால் திட்டத்தில் இருக்கிற பதினொரு பண்ணைகளும் அம்போ. டிசம்பர் 9 கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம்.

கிளிநொச்சியில் விவசாயப் போதனாசிரியராக எத்தனை முரட்டுத் தோட்டக்காரருக்கு முன்னால் பேசியிருப்பேன்! இந்தக் கோட்டுக்காரருக்கா பயப்படுவேன்? — பயம்தான். ஆனால் விடமாட்டேன்.

டிசம்பர் 6

ஹாவர்டின் நிலத்தில் மேல்மண் உறைந்து கிடந்தது. அவரே அலவாங்கால் குத்தி உடைத்துத் தந்தார். உழாத பக்கத்து மண் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில், உழுத பக்கத்து மண் இன்னொன்றில்.

உழாத மண்கட்டியைத் தண்ணீரில் போட்டால் கரையாது, வேரும், இலைதழை மக்கிய உக்கலும் பிடித்து வைத்திருக்கும். உழுத மண் உடனே சேறாகும். அந்த உக்கலில்தான் கரி இருக்கிறது. உழ உழ அது கரிவாயுவாகிக் காற்றோடு போய்ப் பூமியைச் சூடாக்குகிறது. ஜப்பானில் இந்தக் கிழமை உலக நாடுகள் கூடிப் பேசுவதும் இந்தச் சூட்டைப் பற்றித்தான். என்னிடம் இருப்பது இரண்டு பெட்டி. போதும்.

டிசம்பர் 9

காலையில் ஒரு பெட்டியைக் காணவில்லை. நல்ல மண் இருந்த பெட்டி! என் கணவர் அன்புராசா அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

"கறுப்பு மண்ணாய் வடிவாய் இருந்தது. கறிவேப்பிலைக்கு எண்டுதானே கொண்டு வந்தனீர்?"

இவருக்கு அந்தச் செடி ஒரு பிள்ளை மாதிரி. நாலு குளிர்காலம் யன்னலோரம் வைத்துக் காப்பாற்றியவர். நான் கத்தினேன். "உங்களுக்கென்ன விசரா? என்ர மூண்டு வருச வேலை உந்தச் சட்டிக்குள்ள கிடக்குது!"

இவர் தன் ஜக்கெற்றைக் கழற்றிச் சட்டியைச் சுற்றினார். "சட்டியோட கொண்டு போவம். வாரும்."

கூட்டத்தில் கறிவேப்பிலை வாசம். தலைவர் ஒரு இலையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். சட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் போட்டேன். பத்து நிமிடமும் அப்படியே நின்றது. உழுத மண் போட்ட குவளையில் வெறும் சேறு. "இந்தச் சேறு போய்ச் சேருவது நாங்கள் குடிக்கிற ஏரிக்கு," என்றேன்.

இரண்டு வாக்கால் தப்பினோம். திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம். என் வேலை மட்டும் கிழமைக்கு மூன்று நாளாகக் குறைகிறது. பரவாயில்லை. இல்லை, கவலைதான். ஆனாலும் இயந்திரம் தப்பிவிட்டது.

1998 ஜனவரி 3

செடியில் ஒரு இலையும் இல்லை. கூட்டத்தன்று வாகனத் தரிப்பிடத்தில் பட்ட குளிர். இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

மார்ச் 19

சம்பளமில்லாத நாலாம் நாளும் பண்ணைக்குப் போனேன். ஹாவர்ட் மறுபடியும் மாட்டேன் என்றார். சரி, அடுத்த மாதமும் வருவேன் என்றேன்.

ஒக்ரோபர் 10, சனி

இவர் அஜின்கோர்ட் கடையில் புதுக் கறிவேப்பிலைக் கன்று வாங்கி வந்தார். ஐஸ்கிறீம் பெட்டியை என்னிடம் நீட்டினார். "அந்த மண்ணில இன்னொரு பெட்டி வேணும். இந்தமுறை கேட்டுப்போட்டு எடுக்கிறன்."

இரண்டு பேரும் போனோம். ஹாவர்ட் எங்கள் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். உழாத பக்கம் எது என்று இவர் கேட்டார்.

"இனி இரண்டு பக்கமும் அதுதான். நேற்று நிலம் முழுவதும் ரை விதைத்தாயிற்று."

குத்தகையை நீட்டித் தந்தார்களா என்று கேட்டேன்.

"இல்லை," என்றார். "இன்னும் ஒரு வருடம்தான் மிச்சம்."