சுருக்கி எங்கே கிடைக்கும்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாள் அவள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உங்கள் அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதனால் உங்கள் கணக்கு மென்பொருளான சுருக்கிக்கு நான் எழுதும் கையேட்டு விஷயமெல்லாம் கடிதத்தில்தான்.

ஆறாம் அத்தியாயத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காரணிப்படுத்துவது முழுக்க அதில் அடங்கிவிட்டது. ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் உங்கள் சுருக்கியில் தட்டிப் பார்த்து, விடை வந்த பிறகு கையாலும் போட்டுச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை செய்த மென்பொருள்மேலேயே சந்தேகமா என்று கேட்காதீர்கள். காலமெல்லாம் கல்லூரியில் இயற்கணிதம் நடத்தியவனுக்குச் சந்தேகம்தான் தொழில்.

சந்தேகத்துக்கு இடமும் இருக்கிறது. x² − 9 ஐ x − 3 ஆல் வகுக்கச் சொன்னால், x + 3 என்று பளிச்சென்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. x என்பது 3 ஆக இருந்தால் அந்த விடை செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நிபந்தனையை விழுங்கிவிட்டுச் சுருக்கினால் என் வகுப்பில் பாதி மார்க்குதான். அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை நீக்கச் சொல்லாதீர்கள்.

நூலகத்துக் கணினி அறையில் சனிக்கிழமை வகுப்பு ஜோராக நடக்கிறது. அறைச் சாவியையே நூலகர் அம்மா என்னிடம் கொடுத்துவைத்திருக்கிறார். வருபவர்கள் எல்லாம் கணக்கில் கோட்டைவிட்டு மறுபடி எழுதுகிறவர்கள். இரவுப் பணி முடித்து நேரே வகுப்புக்கு வரும் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். மேல்படிப்புக்கு அவருக்கு இந்தக் கணக்குத் தாள் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. "சார், இது ஒவ்வொரு வரியா காட்டுது, எத்தனை தடவை கேட்டாலும் திட்ட மாட்டேங்குது. உங்களைவிட இது தேவலை" என்றார். வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு சிரித்தேன். காசு கொடுத்து இப்படி ஒன்றை வாங்கக்கூடியவர்கள் யாரும் அங்கே இல்லை. எல்லோருக்கும் இலவசம் என்று வைத்தீர்களே, அதற்காகவே உங்களைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன்.

எல்லோரும் புதிய பதிப்புக்கு மாறும்படி கடிதம் அனுப்பியிருந்தீர்கள் அல்லவா? நூலகத்திலும் வீட்டிலும் மாற்றிவிட்டேன். பழையதை அடியோடு அழித்தும் விட்டேன்.

இனி பாக்கி கடைசி அத்தியாயம்தான். 'சுருக்கி எங்கே கிடைக்கும்.' ஒரே ஒரு பக்கம். அது செய்தவர் கையால் வர வேண்டும் என்று போன வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பிப்ரவரி 23

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆறாம் அத்தியாயம் அருமை. அடிக்குறிப்பு இருக்கட்டும். நீங்கள் சொல்வதுதான் சரி.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. புதிதாக ஒரு கண்ணாடி அறை கொடுத்து, கதவில் என் பதவியையும் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் மகள் பார்த்துவிட்டு, "மீன் தொட்டி மாதிரி இருக்கு" என்றாள். உள்ளே உட்கார்ந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கடைசி அத்தியாயத்துக்கு இப்போது அவசரம் இல்லை, மாமா. அலுவலகத்தில் சுருக்கியைப் பற்றிச் சில பேச்சுகள் ஓடுகின்றன. முடிவானதும் விவரமாக எழுதுகிறேன். அதுவரை கையேட்டை நீங்களும் கொஞ்சம் மெதுவாகவே எழுதலாம். கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களுக்கு இருக்கிற வேலையில் நானும் ஒரு தொந்தரவு. நேற்று வகுப்பில் சுருக்கி திறக்கவில்லை. ஒரு கணினியில்கூடத் திறக்கவில்லை. 'அனுமதிக் காலம் முடிந்தது' என்று சிவப்பில் ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இங்கேயும் அதே கதை.

புதிய பதிப்பை ஏற்றும்போது நான்தான் எதையோ சொதப்பியிருக்கிறேன். வேறு என்னவாக இருக்க முடியும்? "சார், நீங்க எதையோ அமுக்கிட்டீங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு முகம் தொங்கிவிட்டது. மேஜைக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்தேன். வெளியே வரும்போது தலையில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நர்ஸம்மாவுக்கு அடுத்த மாதக் கடைசியில் தேர்வு. தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவரை வெறும் திரையைப் பார்க்க வைத்துவிட்டேன். உங்கள் மென்பொருளுக்கும் என்னால் கெட்ட பெயர். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எங்கே தவறினேன் என்று மட்டும் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

மார்ச் 12

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்கக் கூடாது. இணைப்பில் ஏதாவது கோளாறு இருக்கலாம். பார்க்கிறேன். ஒயரையெல்லாம் தொட வேண்டாம், தலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன். விவரம் பிறகு.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இணைப்பாக இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சரிபார்க்க ஆள் கூட்டிவந்தேன். இணைப்பில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆக, குறை என்னிடம்தான். மென்பொருளை ஏற்றும் முறையைச் சொல்லும் முதல் அத்தியாயத்தைத் திரும்பவும் எழுதியிருக்கிறேன். ஒன்றும் தெரியாத ஒருவர் வாசித்தால் எங்கே தடுக்கி விழுவார் என்று யோசித்து யோசித்து எழுதினேன். அப்படியே செய்தும் பார்த்தேன். நானேதான் தடுக்கி விழுகிறேன்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. கண்டதையும் ஏற்றிக் கணினிகளைக் கெடுத்துவிட்டேன் என்று நூலகக் குழுவில் யாரோ பேசியிருக்கிறார்கள். நூலகர் அம்மா நல்லவர். என் முகத்தைப் பார்க்காமல், "சார், கொஞ்ச நாளைக்குச் சாவி இங்கேயே இருக்கட்டுமே" என்றார். கொடுத்துவிட்டேன். வாழ்நாளில் ஒருவரும் என்னைப் பார்த்து, உனக்கு இது தெரியாது, விட்டுவிடு என்று சொன்னதில்லை. வயதாகிவிட்டது போலிருக்கிறது.

வகுப்பு நின்றுவிட்டது. உங்கள் அத்தை ஒரு யோசனை சொன்னாள். "நாம மட்டும் புலம்பி என்ன, மாப்பிள்ளையோட இணையப் பக்கத்துல போய்ப் பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். சுருக்கியை எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அந்தப் பக்கம் இருந்த இடத்தில் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் இருக்கிறது, விலைக்கு எங்களை அணுகவும் என்று. முகவரியையும் நான் தப்பாகத் தட்டியிருப்பேன்.

உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

ஏப்ரல் 9

மாமா,

நீங்கள் முகவரியைத் தப்பாகத் தட்டவில்லை. நீங்கள் எதையுமே தப்பாகச் செய்யவில்லை.

சுருக்கியை எங்கள் நிறுவனத்துக்கு விற்றுவிட்டேன். போன வருடமே. சோற்றுக்கு வழியில்லாமல் விற்கவில்லை. அதை வைத்துத்தான் எனக்கு இந்தக் கண்ணாடி அறையும் பதவியும் வந்தன. இலவசமாக இருப்பதை மெல்ல மெல்ல நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் போட்ட திட்டம். எல்லோரையும் முதலில் புதிய பதிப்புக்கு மாற்றுவது, பிறகு ஒரு நாள் பூட்டுவது. மாறச் சொல்லிக் கடிதம் எழுதியது நான். பூட்டை மென்பொருளுக்குள் எழுதியதும் நான். ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. எழுதும்போது நூலகமும் நீங்களும் நினைவுக்கு வந்தீர்கள். வந்தும் எழுதினேன்.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். பழைய பதிப்பை அழித்துவிட்டேன் என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தேன். மீன் தொட்டி, வேலை என்று மழுப்பினேன். மார்ச்சில் நீங்கள் மன்னிப்புக் கேட்டபோது, இணைப்புக் கோளாறு என்று துணிந்து பொய் சொன்னேன். அதன் பிறகு தினமும் உங்களுக்கு எழுத உட்காருவேன். 'அன்பும் மரியாதையும்' என்று எழுதியதுமே கூசிப்போய் மூடிவிடுவேன். இன்று அதை எழுதாமலேயே ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் மகளிடம் நேற்றுதான் சொன்னேன். உங்கள் கடிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு, "அப்பா மேஜைக்கு அடியில தவழ்ந்துகிட்டு இருந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். எனக்காக உங்களிடம் தூது வர மாட்டாளாம்.

உங்கள் ஒருவர் பெயருக்கு மட்டும் காலவரையறை இல்லாத அனுமதி எண் வாங்கியிருக்கிறேன். கீழே இருக்கிறது. வகுப்புக்கும் கேட்டேன். மறுத்துவிட்டார்கள். விற்றதைத் திரும்பக் கேட்டேன். சிரித்தார்கள்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அனுப்பவில்லை. மகளைக் கொடுத்த வீட்டுக்கு அப்படி எழுத என் கை வராது. உங்கள் அத்தைக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. "மாப்பிள்ளையா போயிட்டாரு, அதனால தப்பிச்சாரு. நான் பெத்த பிள்ளையா இருந்தா முதுகுத் தோலை உரிச்சிருப்பேன்" என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

விற்றது உங்கள் பொருள், உங்கள் உழைப்பு. அதைக் கேட்க நான் யார்? எனக்கு ஆறாதது வேறொன்று. இரண்டு கடிதத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவை, கேட்கக் கூடாது என்றீர்களே தவிர, ஏன் என்று சொல்லாமல் அதை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன், மாப்பிள்ளை. காலையில் எழுந்ததும் வாய்பாட்டை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன், அதுவாவது மிச்சம் இருக்கிறதா என்று. இதை உங்கள் அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை.

அனுமதி எண் வேண்டாம். மற்றவர்களுக்கு மூடிய கதவு எனக்கு மட்டும் திறப்பதில் என்ன இருக்கிறது? நர்ஸம்மாவும் இன்னும் மூன்று பேரும் இப்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் போடுகிறார்கள். மற்றவர்கள் வருவதில்லை. "ஒவ்வொரு வரியா காட்டுங்க சார், ஆனா திட்டாம காட்டுங்க" என்கிறார் நர்ஸம்மா. முயன்று பார்க்கிறேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது. போட்ட விடை சரிதானா என்று பார்க்கக் கையேட்டைப் புரட்டுகிறார்கள். அதற்காவது அது உதவுகிறது.

கையேட்டைப் பாதியில் விட மனம் வரவில்லை. நகல் எடுத்துக் கட்டிவைக்கப் போகிறேன். கடைசி அத்தியாயம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அது உங்கள் பக்கம். உண்மையை எழுதி அனுப்புங்கள். ஓர் எழுத்தையும் மாற்றாமல் சேர்த்துவிடுகிறேன். நிபந்தனையை விழுங்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

மே 1

மாமா,

நீங்கள் கேட்ட பக்கம் கீழே. இது வெளியே போனால் அலுவலகத்தில் என் நாற்காலி ஆடும். உங்கள் மகள் படித்துப் பார்த்துவிட்டு, "ஆடட்டும்" என்றாள். பல நாளுக்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது அதுதான்.

முதல் நகலை நூலகர் அம்மாவிடம் கொடுங்கள். சாவி கைக்கு வந்ததா என்று ஒரு வரி எழுதினால் போதும். எனக்கென்று வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கடைசி அத்தியாயம்
சுருக்கி எங்கே கிடைக்கும்

சுருக்கி இப்போது எங்கும் இலவசமாகக் கிடைக்காது. ஒரு நிறுவனம் அதை விலைக்கு விற்கிறது. 'எல்லோருக்கும், என்றும் இலவசம்' என்று சுருக்கியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தவரே அந்த நிறுவனத்துக்கு அதை விற்றார்.

உங்கள் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் அது இன்றும் திறக்கும். அதை அழித்துவிடாதீர்கள். புதிய பதிப்பு திறக்காது. 'அனுமதிக் காலம் முடிந்தது' என்ற வரி வந்தால் உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. எந்த ஒயரையும் பார்க்க வேண்டாம். அது வேண்டுமென்றே போட்ட பூட்டு. புதிய பதிப்புக்கு மாறச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. பூட்டு விழப்போகும் நாள் தெரிந்தே அது எழுதப்பட்டது. அந்தக் கடிதத்தைச் சட்டை செய்யாதவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அதை எழுதியவரை நம்பியவர்களுக்குத்தான் எல்லாம் போயிற்று.

நூலகத்துக் கணினிகளில் சுருக்கியை ஏற்றியவர் இந்தக் கையேட்டின் ஆசிரியர். முதல் அத்தியாயத்தில் இருப்பது போலவே எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். எதையும் அவர் கெடுக்கவில்லை. அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டபோது, உண்மை தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

இதில் உள்ள விடைகள் அனைத்தையும் ஆசிரியர் கையாலும் போட்டுப் பார்த்திருக்கிறார். எனவே மென்பொருள் இல்லாமலும் இந்தக் கையேட்டைப் படிக்கலாம். அவரை நம்பலாம்.

இந்தப் பக்கத்தை எழுதியவர்:
சுருக்கியைச் செய்தவர், பிறகு பூட்டியவர்