அந்தப் புளிச்ச வாடை

4 நவம்பர் 2025, செவ்வாய்

இந்தப் போனில் பேசினால் தேதி போட்டு அதுவே எழுதிக்கொள்கிறது. எழுதியதைப் படிக்க எனக்குத் தெரியாது, அழிக்கவும் தெரியாது. அதனால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

இன்றும் ஊதினேன். மகள் வீணா பொம்மசந்திரா கம்பெனியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பது அதுதான். "ஊதுப்பா." என் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்த பிறகுதான் பையை இறக்குவாள். பதினோரு வருஷமாக ஒரு சொட்டு தொடவில்லை. எழுபத்திரண்டு வயசில் வாசலில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். தூ.

6 நவம்பர், வியாழன்

வீணாவுக்கு முதல் ஆர்டர். பக்கத்துச் சந்து யூனிஸின் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். சாயந்திரம் டீயோடு வைக்க அறுபது பன். ரோல் என்று சொல்லணுமாம். நன்றாக வந்தால் அவர்கள் சர்ச்சு கிறிஸ்துமஸ் ஆர்டரும் இவளுக்குத்தான். கம்பெனி வேலையை விட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறாள்.

பழகிப் பார்க்கிறேன் என்று ஈஸ்ட் ஊற வைத்தாள். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் அந்த வாடை. சாராயக்கடை பெஞ்சுக்கு அடியில் வருமே, அதே புளிச்ச வாடை. வெளியே போய்ச் சாக்கடை மோரி ஓரமாக நின்றேன். மோரியே தேவலை.

8 நவம்பர், சனி

நாளைக்கு ஞாயிறும் டூட்டியாம். சூப்பர்வைசர் ரங்கா போனில் சொன்னது எனக்கே கேட்டது: "வரலேன்னா திங்கக்கிழமையும் வராதே." வீணா என்னைப் பார்த்தாள். நானா? அந்தக் கருமத்தையா?

9 நவம்பர், ஞாயிறு

விடியும் முன்பே கிளம்பினாள். "தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும்ப்பா. விரல் பொறுக்கிற சூடு. ரெண்டு பாக்கெட் இருக்கு, ஒண்ணே போதும்."

இன்றைக்குப் பார்த்துக் குழாயில் காவேரித் தண்ணி விடுகிற நாள். டிரம்முக்கும் அடுப்புக்கும் ஓடினேன். கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. தண்ணி தளதளவென்று கொதித்ததும் ஈஸ்டையும் மைதாவையும் கொட்டிக் களிக்கட்டையால் கிண்டிவிட்டேன். ராகிக்களி கிண்டியே பழகிய கை, வேறென்ன செய்யும்? ஒரு மணி நேரம் ஆகியும் உப்பவில்லை. பசை. சந்து முனை மாட்டுக்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கடையில் மைதா கிடைத்தது. ஈஸ்ட் இல்லை. மிச்சம் ஒரு பாக்கெட்.

இந்தத் தடவை விரலை விட்டுப் பார்த்தேன். சர்க்கரை போட்டேன். நுரை எழும்பியது. வாடையும் எழும்பியது. அப்போது — இதைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது — என் வாயில் எச்சில் ஊறியது. பதினோரு வருஷம் கழித்து, ஒரு கிண்ணம் சர்க்கரைத் தண்ணிக்கு! கிண்ணம் உதடு வரைக்கும் வந்துவிட்டது.

2014 ஆகஸ்ட் பதினேழு, அதுவும் ஞாயிறு. என் பெண்டாட்டி வள்ளியம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கியபோது நான் கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்தேன். கொள்ளி வைத்தது வீணா. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஊதல்.

கிண்ணத்தை அண்டாவில் கவிழ்த்து மைதா மொத்தத்தையும் மேலே கொட்டினேன். இனிமேல் குடிக்க முடியாது பார், நாயே.

பிசைந்தால் சளி மாதிரி விரலில் ஒட்டுகிறது. உப்பிய பிறகு குத்தி அமுக்கச் சொல்லியிருந்தாள். அதை மட்டும் ஆசையாகச் செய்தேன். களி உருண்டை பிடிக்கிற மாதிரி கையை நனைத்து நனைத்து உருட்டினேன். வீணாவின் ஓவனில் வைத்ததில் முதல் தட்டு அடி கருகிற்று. மற்றதெல்லாம் சிவந்து வந்தது.

நாலு மணிக்கு யூனிஸ் வந்தாள். "அங்கிள், நீங்களா செஞ்சீங்க? சும்மா பேஜார் பண்ணாதீங்க."

"புடிக்கலேன்னா வச்சிட்டுப் போ."

ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். "அய்யோ, பஞ்சு கெட்டுது!" கருகினதை மட்டும் விட்டுவிட்டுக் கூடையோடு போய்விட்டாள். எனக்கு ஒன்றைக்கூட வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

ஆறரைக்கு வீணா வந்தாள். என் கை, சட்டை, தலைமயிர் எல்லாம் அந்த வாடை. படியிலேயே நின்றுவிட்டாள். அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அதே முகம்.

"ஊது."

ஊதினேன். பயமாக இருந்தது.

"குடிச்சியா?"

"இல்லம்மா. குடிக்கணும்னு தோணிச்சு. ஈஸ்டைத்தான். மாவைக் கொட்டிட்டேன்."

அவள் பையோடு படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் தோய்த்துக் குளித்தேன். வாடை போகவில்லை.

10 நவம்பர், திங்கள்

வீணா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போய், தட்டிலிருந்த கருகல் பன்னை எடுத்து முகர்ந்தாள்.

"சர்ச்சு ஆர்டர் வந்துடிச்சிப்பா. ஈஸ்ட் வாங்கியாந்திருக்கேன், உன் அலமாரியில வைக்கிறேன். நீயே பாத்துக்கோ."

என் தலைமாட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டாள் அந்தக் கருமத்தை. பாக்கெட் பிரிக்காமலே நாறுகிறது.

வாயை மூடிக்கொண்டேன்.